டோர்பிடோ பட்ட கப்பலும் மேல்கணக்குப் பால் லொறியும்

ரப்பர் ஸ்டோர் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அனுபவம் ஏதாவது எழுதிக்கொடு என்று கேட்டார்கள். இந்த மாதிரி எழுத்துகளில் வழக்கமாக ஒரு நரைத்த தலை இருக்கும். என்னிடம் அது இல்லை. வேலையை விட்டபோது எனக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஓரிடத்தில் நிற்க முடியாத ஆள் நான். இப்போது அவிசாவளையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறேன். ஆகவே ஆசீர்வாதம் எதிர்பார்க்காதீர்கள். ரப்பர் பாலுக்கு எவ்வளவு தண்ணீர் கலப்பது, ரோலரை எப்படி இறுக்குவது என்பதையெல்லாம் ஸ்டோரிலேயே காட்டிக்கொடுப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு கப்பலைப் பற்றி.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். எங்கள் தோட்டத்திலும் சிரித்தார்கள். எனக்கு வைத்த பட்டப்பெயரே ‘கப்பல்’தான்.

துரை ஒருவர் மாற்றலாகிப் போனபோது பங்களாவுக்குப் பின்னால் பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் கொட்டிவிட்டுப் போனார். அவற்றில் ஒன்று என் கையில் சிக்கியது. அட்டையும் முதல் சில பக்கங்களும் கரையானுக்குப் போயிருந்தன. மிச்சம் முழுவதும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் கதை. அதன் மேல்தளத்தில் விமானங்கள் ஏறி இறங்கும். கீழே அடுக்கடுக்காக அறைகள், எஞ்சின், எண்ணெய், ஆயிரக்கணக்கில் ஆட்கள். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு லயங்கள் அத்தனையையும் பெயர்த்துக் கொண்டுபோய் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அந்தக் கப்பலின் விலாவில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஒரே ஒரு டோர்பிடோ வந்து வெடித்தது. லொறி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

கப்பலை மூழ்கடித்தது அந்த ஓட்டைதான் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். புத்தகம் வேறு கதை சொன்னது. அடி வாங்கிய பிறகு அந்தக் கப்பல் நெடுநேரம் மிதந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே வந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சேர்ந்தது. கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாயச்சாய, உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் இன்னும் கீழ்ப் பக்கத்துக்கே ஓடியது. ஓர் அறை நிறைந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை, காலியாக இருந்தாலும் இல்லை. பாதி நிறைந்த அறைதான் ஆளைத் தின்னும். நம்பாவிட்டால் அகலமான தாம்பாளத்தில் பாதிக்குத் தண்ணீர் விட்டுத் தூக்கிக்கொண்டு படியேறிப் பாருங்கள். தண்ணீர் உங்களுக்கு முன்னால் ஓடும், நீங்கள் அதற்குப் பின்னால் ஓடுவீர்கள்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் நல்ல அறைகளைத் திறந்து, அங்கேயும் கடல் நீரை விடுவது. அடி படாத, காய்ந்த, வேலை செய்துகொண்டிருக்கிற அறைகளை நீங்களே உங்கள் கையால் மூழ்கடிப்பது. அப்படிச் செய்தால் கப்பல் தாழும், ஆனால் நிமிரும். அந்தக் கப்பலில் அந்த முடிவு தாமதமாக வந்தது. நல்ல அறையைக் கெடுக்கலாமா, மேலே கேட்காமல் செய்யலாமா என்று யோசித்தார்கள். யோசித்து முடித்தபோது திறக்க வேண்டிய வால்வுக்குப் போகும் வழியே சுவராக நிமிர்ந்துவிட்டது.

இந்தப் புத்தகத்தோடு ஒரு நாள் நான் மாட்டியும் இருக்கிறேன். அவிசாவளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். உள்நாட்டுப் போர்க் காலம், அது எப்படிப்பட்டது என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பையில் ஒரு போர்க்கப்பலை நெடுக்காகப் பிளந்து காட்டும் படம், அதன் விலாவில் அம்புக்குறி. கோப்ரல் ஒருவர் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“மே மொகத மல்லி?” என்றார். இது என்ன தம்பி என்று கேட்கிற குரலில் மல்லி என்ற சொல்லுக்கு உரிய அன்பு கொஞ்சமும் இல்லை.

சும்மா ஒரு கதைப் புத்தகம் என்று மழுப்பியிருக்கலாம். மழுப்பினால் இன்னும் பத்துக் கேள்வி வரும் என்று பட்டது. ஆகவே முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் சாப்பிட்டு வைத்திருந்த தகரத் தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டியும் காட்டினேன். இன்னும் இரண்டு சிப்பாய்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“அப்போ தங்கள் கப்பலுக்குள் தாங்களே தண்ணீர் விடுவதா? பைத்தியமா அவர்களுக்கு?” என்று கோப்ரல் சிங்களத்தில் கேட்டார்.

“விடாவிட்டால் கவிழும் சேர்.”

“யாருடைய உத்தரவில்?”

“கீழே நிற்பவன் உத்தரவில். மேலே போய்க் கேட்டுவர நேரம் இல்லை.”

அவர் தட்டை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் என் பெயர் ‘நெவ் மாத்தயா’, கப்பல் ஐயா. பஸ் கொண்டக்டர் மட்டும் தெஹியோவிட்டை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பையில் இருப்பது பயப்பட வைக்கிற பொருளாக இருந்தால், அதை மறைக்கப் பார்க்காதீர்கள், விளக்கப் பாருங்கள். எனக்கு அது உதவியது. எல்லாருக்கும் எப்போதும் உதவும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

இனி ஸ்டோருக்கு வருகிறேன்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்: அசிட் வாளி பால் லொறிப் பக்கம் போகக்கூடாது. எனக்கும் சொன்னார்கள். சும்மா சொல்லவில்லை, கிட்டத்தட்டச் சத்தியம் வாங்கினார்கள். மரத்தில் இருந்து வந்த பால் ஸ்டோருக்கு வரும்வரை பாலாகவே இருக்க வேண்டும். தொட்டியில் விட்டு, அளவாகத் தண்ணீர் கலந்து, அளவாக அசிட் விட்டால்தான் அது உறையலாம். லொறி டேங்கிக்குள் அசிட் ஒரு சொட்டுப் போனாலும் பால் கட்டியாகும். கட்டியானால் யாராவது ஒருவர் மேலே இருக்கும் சின்ன வாயால் உள்ளே இறங்கி, நாற்றத்துக்குள் குந்தியிருந்து கையால் பிய்த்தெடுக்க வேண்டும். எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் எங்கள் லொறி டிரைவர் பாரூக் நானாவுக்கு இந்த விஷயத்தில் மதநம்பிக்கை மாதிரி ஒரு கண்டிப்பு. அசிட்டில் வைத்த கையோடு நீங்கள் லொறியின் கதவைத் தொட்டால்கூட, “கழுவிட்டு வா மவன், கழுவிட்டு வா” என்பார். தெரணியகலைக்காரர். அந்த டேங்கியை அவரைப் போலக் கழுவுகிறவர் யாரும் இல்லை. தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அப்படிக் கழுவுவாரா என்று தெரியாது.

அந்த டேங்கியில் ஒரு விஷயம் இருந்தது. செய்து வந்தபோது அதற்குள் குறுக்கே இரண்டு தடுப்புத் தகடுகளும் நெடுக்கே ஒன்றும் இருந்தன. பால் அங்கும் இங்கும் அலையாமல் இருக்கத்தான் அவை. ஆனால் தகடுகளின் ஓரங்களில் பால் ஒட்டி, காய்ந்து, ஒட்டுப்பாலாகத் தொங்கும். சுரண்டுவதற்குள் உயிர் போகும். ஆகவே எங்கள் ஸ்டோரில் மட்டுமல்ல, அந்தப் பக்கத்துப் பல ஸ்டோர்களில் செய்ததைப் போலவே, தகடுகளை வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுவ இலேசு. நான் வந்த புதிதில், கப்பலில் அறைகளுக்கு நடுவில் சுவர் எதற்கு இருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். ஸ்டோர் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் சுனில் இடைமறித்தான்.

“சரி, கப்பல். அடுத்த தடவை உள்ளுக்கு எறங்கிச் சொரண்டுறது நீ. அப்ப தகட்டப் பூட்டித் தாறேன்.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இறங்கிச் சுரண்டுகிறவன் அவன்தான்.

ஒரு நாள் காலையில் மழை. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் பால் வெட்டு நடக்கவில்லை. மேல்கணக்கில் மழை பிந்தி வந்ததால் அங்கே மட்டும் பால் எடுத்திருந்தார்கள். பாரூக் நானா அதை ஏற்றிக்கொண்டு இறங்கினார். டேங்கியில் முக்கால்வாசிப் பால். ஸ்டோருக்கு மேலே இரண்டு வளைவு தள்ளி, பாதையின் பள்ளத்துப் பக்க ஓரம் நனைந்து ஊறியிருந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் அதில் ஏறியதும் ஓரம் அப்படியே இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். லொறி பள்ளத்தின் பக்கம் சாய்ந்து நின்றது. கீழே நல்ல ஆழம், அடியில் ஓடை. முழுதாக உருளாமல் அதைத் தடுத்துக்கொண்டிருந்தது, வெட்டிப்போட்ட ஒரு பழைய ரப்பர் மரத்தின் அடிக்கட்டை. அந்தக் கட்டை கெபினின் தரையைக் கிழித்து உள்ளே ஏறியிருந்தது. பாரூக் நானாவின் கால் கட்டைக்கும் கிளச்சுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் வெறும் காற்று.

“ஒண்டும் இல்ல, ஒண்டும் இல்ல, கால் மட்டுந்தான் மாட்டி ஈக்கி. சத்தம் போடாம வேலயப் பாருங்க” என்று உள்ளே இருந்து அவர் எங்களைச் சமாதானப்படுத்தினார்.

பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இளைஞர், காலிப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்துக்கு வந்து வருடம் ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெரிய துரை கொழும்பில். தெரணியகலையிலிருந்து இழுவை லொறி வர வேண்டும். மழையில் அது எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டோரில் இருந்த பழைய கம்பிக்கயிற்றை லொறியில் கட்டி, மேட்டுப் பக்கம் நின்ற இரண்டு ரப்பர் மரங்களில் சுற்றினோம். நனைந்த மண்ணில் ரப்பர் மரத்தின் வேர் எவ்வளவு பிடிக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பால்வெட்டுக்காரப் பெண்கள் மேட்டில் கூடி நின்றார்கள். “பாரத்தக் கொறைங்க! பாலத் தொறந்து விடுங்க!” என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். நியாயமான பேச்சு. சுனில் ஓடிப்போய் டேங்கியின் பின்குழாயைத் திறந்தான். பால் பாதை நெடுக வெள்ளையாக ஓடியது.

கொஞ்ச நேரத்தில் லொறி அசைந்தது. தானாக. காற்றுகூட இல்லை. டேங்கிக்குள் ‘களக்’ என்று ஒரு சத்தம், பிறகு லொறி பள்ளத்தின் பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது, கம்பிக்கயிறு முறுகியது, மேட்டு மரம் ஒன்றின் வேரடியில் மண் வெடித்தது. பிறகு பால் திரும்பி வந்தது, லொறி சற்றே நிமிர்ந்தது. மறுபடியும் ‘களக்’.

அந்த நொடியில் புத்தகத்தின் அந்தப் படம் எனக்கு முன்னால் நின்றது. முக்கால்வாசி இருந்தபோது பாலுக்கு அலைய இடம் குறைவு. இப்போது பாதி. தடுப்பு எதுவும் இல்லாத ஒரே அறை.

“மூடு! சுனில், குழாய மூடு!”

“மூடவா? பைத்தியமா?”

“பால் கொறையக் கொறையத்தான் ஆட்டம் கூடுது. முழுசா எறக்கவும் ஏலாது. குழாய் மேட்டுப் பக்கம் இருக்கு. பள்ளத்துப் பக்கத்துப் பால் வெளியே வராது.”

அவன் பார்த்தான். குழாயில் ஓட்டம் ஏற்கெனவே மெலிந்திருந்தது. மூடினான். முகம் வெளுத்துவிட்டது, திறந்தவன் அவன் என்பதால். அவன் திறந்திருக்காவிட்டால் நான் திறந்திருப்பேன்.

சுனில் அலவாங்கு என்கிற கடப்பாரையோடு இடப்பக்கக் கதவால் கெபினுக்குள் போகப் பார்த்தான். ஒரு காலை வைத்ததும் லொறி ஆடத் தொடங்கியது. இறங்கிவிட்டான். ஆளை எடுக்க வேண்டுமானால் கட்டையை நெம்ப வேண்டும். நெம்பினால் லொறி குலுங்கும். குலுங்கினால் பால் ஓடும். பால் ஓடினால் மரம் வேரோடு வரும். இந்த வட்டத்தை எங்கேயாவது அறுக்க வேண்டும்.

லெச்சுமி அக்கா, மேல்கணக்கில் எல்லாருக்கும் முன்னால் வாய் திறக்கிற பால்வெட்டுக்காரி, மேட்டில் இருந்து கேட்டாள்: “ஏன் தம்பி, ஒங்க கப்பல் புஸ்தகத்துல இதுக்கு ஒண்ணும் எழுதலையா?”

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் நான் அதற்குப் பதில் தேடத் தொடங்கிவிட்டேன். கப்பல்காரர்கள் என்ன செய்வார்கள்? எதிர்ப்பக்கம் தண்ணீர் விடுவார்கள். இங்கே எதிர்ப்பக்கம் இல்லை. அறையை நிரப்பி விடுவார்கள். இங்கே பாரம் கூட்டினால் ஓரம் இடியும். அவர்கள் செய்ததின் உள்ளே இருந்தது என்ன? உள்ளே விடவே கூடாது என்று உயிரைக் கொடுத்துக் காக்கிற ஒன்றைத் தாங்களே உள்ளே விட்டார்கள். எங்கள் டேங்கிக்குள் விடவே கூடாதது எது?

“சேர், அசிட்” என்றேன்.

சின்னத்துரைக்குப் புரியவில்லை. என்ன அசிட் என்று சிங்களத்தில் கேட்டார்: “மொன அசிட்?”

“டேங்கிக்குள்ள அசிட் ஊத்துவோம். நிறைய ஊத்தினா பால் இப்பவே உறையும். உறைஞ்ச பால் ஓடாது.”

அவர் பதில் சொல்லும் முன் கெபினில் இருந்து ஓர் அலறல். “டேய் கப்பல்! என்னத்தச் செல்லுற? என்ட டேங்கிக்குள்ள அசிட்டா? மொதல்ல என்னயக் கொண்டு போட்டுட்டு ஊத்து!”

“நானா, ஒங்களக் காப்பாத்தத்தான்...”

“டேங்கி போச்செண்டா லொறி போச்சு. லொறி போச்செண்டா நான் எங்க போற? கால வெட்டி எடு. டேங்கியத் தொடாத!”

மேட்டில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். லெச்சுமி அக்கா அவளை அதட்டினாள். பிறகு கெபினைப் பார்த்து, “ஏன் நானா, மையத்துக்கு லொறி லைசன் குடுக்குறாங்களா?” என்றாள். நானாவின் ஆட்கள் பிணத்தை மையத்து என்பார்கள். டேங்கி ‘களக்’ என்றது.

சின்னத்துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் மனதில் ஓடியது முகத்தில் தெரிந்தது. ஒரு நாள் பால் முழுவதும், டேங்கி, ஒருவேளை வேலையும். மேலே கேட்காமல் இதற்கெல்லாம் உத்தரவு தர அவருக்கு அதிகாரம் இல்லை. “பெரிய துரைக்கு ஒரு கோல் எடுத்து...” என்று தொடங்கினார். ஒபீசுக்குப் போய் வர வேண்டும். கொழும்பு லைன் கிடைக்க வேண்டும். நான் கப்பல் கதையைச் சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் கதை சொன்னால் அவர் என்னைத்தான் பள்ளத்தில் தள்ளியிருப்பார். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“சேர், இந்த டேங்கி உருண்டா மிஞ்சுமா?”

அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். தொப்பியைத் திரும்ப வைத்தார்.

“ஊத்து. நான் சொன்னது.”

கடைசி இரண்டு சொற்களைக் கவனியுங்கள். தோட்டத்தில் ‘செய்’ என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். ‘நான் சொன்னது’ என்று சேர்த்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம்.

ஸ்டோருக்குக் குறுக்குப் பாதையில் பெண்களோடு ஓடினோம். அன்றைய பாலுக்குக் கலந்து வைத்திருந்த அசிட், கலக்காத கேன்கள், எல்லாம் வந்தன. லொறியில் யாரும் ஏறக்கூடாது. டேங்கியின் மேல்மூடி சாய்ந்த வேகத்தில் ஏற்கெனவே திறந்து கிடந்தது. மேட்டில் இருந்து ஒரு நீண்ட மூங்கிலில் பால்க்குழாயைக் கட்டி, நுனியை அந்த வாய்க்குள் இறக்கினோம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ஊற்றினோம். புளித்த வாடை கண்ணை எரித்தது. கலக்குவதற்குத் துடுப்பு தேவைப்படவில்லை. நானாவைக் கொல்லப் பார்த்த அந்த ஆட்டமே அசிட்டைக் கலக்கியது.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேட்டில் இருந்து பார்த்தால் இருட்டு வாய் மட்டும். டேங்கிக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். பாரூக் நானா கோபத்தில் பேச்சை நிறுத்தியிருந்தார்.

“நானா, ஆடுதா?” என்று கத்தினேன்.

“நானா!” மறுபடியும் கத்தினேன்.

“ஆடுது” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஊற்றினோம். லொறி தாழ்ந்தது, நிமிர்ந்தது. இடது மரத்தின் வேர் ஒன்று மண்ணை விட்டு வெளியே வந்து நின்றது. பெண்கள் நான்கைந்து பேர் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு பயனும் இல்லாத காரியம், ஆனால் யாரும் விலகச் சொல்லவில்லை.

“இப்ப?”

“ஆடுது. கொஞ்சம் மெதுவா.” சற்றுப் பொறுத்து, “கட்டி கட்டியா முட்டுற சத்தம் கேக்குது.” அப்புறம், “பாரமா ஆடுது. தயிர்ச் சட்டி மாதிரி.” எங்கள் எல்லாரையும்விட அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். எத்தனையோ வருடம் அந்தப் பாலைக் கேட்டுக்கொண்டே வளைவு இறங்கியவர்.

கடைசிக் கேனையும் ஊற்றி முடித்தோம். நான் கேட்கப் பயந்தேன். சின்னத்துரைதான் கேட்டார், தன் தோட்டத் தமிழில். “நானா, இப்ப என்னா?”

“கேக்கல்ல சேர்” என்றார். “சத்தமே இல்ல.”

அதைச் சொன்ன குரல், உயிர் தப்பப்போகிறவனின் குரலாக இல்லை. வீட்டில் யாரோ இறந்துவிட்ட செய்தியைச் சொல்கிற குரல்.

யாரும் சொல்லாமலேயே சுனில் அலவாங்கை எடுத்துக்கொண்டு கெபினுக்குள் போனான். லொறி குலுங்கியது. மண் உதிர்ந்தது. ஆனால் குலுக்கலுக்குப் பிறகு அந்தப் பெரிய தள்ளல் வரவில்லை. அவன் நெம்பினான், நாங்கள் நிறுத்தி மூச்சு விட்டோம், மறுபடியும் நெம்பினான். கட்டை விலகியது. பாரூக் நானாவை இடப்பக்கக் கதவால் வெளியே இழுத்துப் பாதையில் படுக்க வைத்தோம். பாலும் சேறும் கலந்த வெள்ளைக் குழம்பில் அவர் கிடந்தார். வலியில் முகம் சாம்பலாக இருந்தது. முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

“சுனில், டேங்கியத் தட்டிப் பாரு.”

சுனில் அலவாங்கால் தட்டினான். ஈர மரத்தைத் தட்டின மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாரூக் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லொறி அங்கேயே நின்றது. அடுத்த நாள் இழுத்து மேலே எடுத்தார்கள். டேங்கியின் பக்கத்தை வெட்டித் திறந்து, பாளம் பாளமாக அறுத்து எடுத்தோம். அதில் சின்னத்துரையும் கை வைத்தார். கையுறை போட்டிருந்தும் அவருக்குக் கொப்புளம் வந்தது. அவிசாவளை ஆஸ்பத்திரியில் பாரூக் நானாவின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், முழங்கால் மட்டும் இனி மடங்காது என்றார்கள். நான் பார்க்கப் போனேன். முதல் தடவை என்னோடு பேசவில்லை. இரண்டாவது தடவை, கொண்டுபோன திராட்சையை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

இதில் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இந்த வேலையில் செய்யக்கூடாதவை என்று பெரிய வரிசை ஒன்றை உங்களிடம் தருவார்கள். அவற்றை மதியுங்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஏன் கூடாது என்று கேட்டு வையுங்கள். டேங்கியில் அசிட் கூடாது, ஏனென்றால் பால் உறைந்துவிடும். இந்த இரண்டாவது பாதியை நாங்கள் எல்லாரும் மறந்துவிட்டிருந்தோம். அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

விசாரணை நடந்தது. பெரிய துரையும், கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த ஒருவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான், சுனில், சின்னத்துரை மூவரும் இந்தப் பக்கம். யார் லொறியைக் காப்பாற்றினார்கள் என்பதல்ல அவர்களுடைய கேள்வி. பால் டேங்கிக்குள் அசிட் ஊற்றச் சொன்னது யார் என்பது. அதைச் சொன்ன ஆளின் வேலை அன்றோடு முடியும் என்று ஒபீசில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். சின்னத்துரை எழுந்தார். அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். பாதையில் ஏற்கெனவே சொன்னதை அறைக்குள் ஒரு தடவை திரும்பச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வாய் திறப்பதற்குள் வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. திரீவீலரில் வந்து இறங்கியிருந்தார் பாரூக் நானா. அவரை யாரும் கூப்பிடவில்லை.

“நான் சென்ன” என்றார், ஊற்றச் சொன்னது தான்தான் என்பதாக.

பெரிய துரை நிமிர்ந்து பார்த்தார். “நீ கெபின் உள்ளுக்கு மாட்டி இருந்தது தானே?”

“கால்தான் சேர் மாட்டின. வாய் மாட்டல்ல. டேங்கி டிரைவர்ட பொறுப்பு. டிரைவர் ஊத்தச் சென்னா ஊத்துவாங்க, வேணாமெண்டா ஊத்தமாட்டாங்க. சின்ன சேருக்கு இதுல என்ன தெரியும், அவர் நேத்து வந்தவர்.”

சின்னத்துரை ஏதோ சொல்லத் தொடங்கினார். பாரூக் நானா ஊன்றுகோலைத் தரையில் தட்டி அவரை நிறுத்தினார். நானா ஊற்றச் சொல்லவில்லை என்பது அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

“பொறுப்பு டிரைவருக்கு எண்டா, தண்டனையும் டிரைவருக்குத்தான்” என்றார் கொழும்புக்காரர்.

“தாங்க” என்றார் பாரூக் நானா. கட்டியிருந்த சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மடங்காத காலை அந்த மேசைக்கு நேராக நீட்டி வைத்தார். “இனி லொறி ஓட்ட வேணாம் எண்டு எழுதுங்க.”

கொழும்பிலிருந்து வந்தவர் அந்தக் காலைப் பார்த்தார். எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார். சின்னத்துரை நின்றபடியே இருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.